கத்திரியாக நடிக்கட்டுமா?

புருஷன் மேல் பொறாமைப்பட்ட பெண்களைப் பார்த்திருக்கிறோம். ஓரகத்தி மேல், பக்கத்து வீட்டுக்காரி மேல், கூடப் பிறந்தவள் மேல் பொறாமைப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறோம். ஒரு போன் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? கத்திரி பட்டாள். சும்மா பேருக்கு இல்லை, வயிறு பற்றி எரியப் பட்டாள்.

கத்திரி என்பது அந்தக் கட்டடத்தில் அவளுக்கு விழுந்த பெயர். மாடியில் பெண்களுக்கான பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். இரண்டு நாற்காலி, சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி, துண்டு காயப்போட ஒரு சின்ன பால்கனி. கீழே ரத்தப் பரிசோதனை லேப். அங்கே ரத்தம் எடுப்பவள் ஊசி. அந்தப் பெயரும் கட்டடம் வைத்ததுதான். இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. மாடிப்படியில் பார்த்துச் சிரித்துப் பழகி, ஒரே வாரத்தில் வாடி போடி என்று ஆகிவிட்டார்கள். அதற்கப்புறம் வருஷங்கள் ஓடிப்போயின.

லேபில் கூட்டமெல்லாம் காலையில்தான், வெறும் வயிற்றோடு வருகிற கூட்டம். மதியம் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால் புதன்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு ஊசி மேலே வந்துவிடுவாள். கத்திரி அவளைச் சாய்த்துப் படுக்க வைத்து முகத்துக்குப் பேக் போடுவாள், கண்ணுக்கு மேல் வெள்ளரிக்காய் வில்லை வைப்பாள். பேக் காய்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது. திறந்தால் வெடித்து உதிர்ந்துவிடும். ஆக ஊசி வாயடைத்துக் கிடப்பாள், கத்திரி பேசுவாள்.

என்ன பேசுவாள் என்று கேட்காதீர்கள், என்ன பேசமாட்டாள் என்று கேளுங்கள். முதல் நாற்காலியில் உட்கார்ந்தவள் வீட்டுச் சண்டை, இரண்டாவது நாற்காலிக்காரிக்குத் தலை காய்வதற்குள் தெரிந்துவிடும். இரண்டாவது நாற்காலிக்காரியின் சம்பந்தி சமாச்சாரம், அடுத்து வருகிறவளுக்குப் புருவம் திருத்தும்போது போய்ச் சேரும். கெட்ட எண்ணம் என்று சொல்லிவிட முடியாது. அவளுக்குக் கை ஓடினால் நாக்கும் ஓடும், அவ்வளவுதான்.

"ஊசி மனசுல என்ன இருக்குன்னு ஊசிக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும்" என்று வருகிறவளிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் ஊசியின் மகளுடைய கல்யாணப் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். "என் சிநேகிதி பொண்ணு. அலங்காரம் என் கை. கண்ணுல மை இட்டது பாருங்க, கரைஞ்சுதா? எவ்வளவு அழுதா தெரியுமா? கரையலையே!" இதைக் கேட்காமல் அந்தப் பார்லரில் யாரும் முடி வெட்டிக்கொண்டு போக முடியாது.

இப்படி இருக்கும்போதுதான் அது வந்தது.

ஒரு புதன்கிழமை ஊசி படியேறும்போதே யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள். போனிலிருந்து ஒரு பெண் குரல், தேனில் நனைத்த மாதிரி.

"யாருடி அது?"

"என் தங்கச்சி."

"எனக்குத் தெரியாம உனக்கு எப்போடி தங்கச்சி பொறந்தா?"

ஊசி விழுந்து விழுந்து சிரித்தாள். "ஏஐடி. நாம என்ன சொன்னாலும் கேக்கும், பதில் சொல்லும். ஒரு தடவைகூட அலுத்துக்காது. மெஷின்தான், ஆனா பேச்சைக் கேட்டா நம்ப மாட்ட."

"மெஷின்கிட்ட என்னடி பேச்சு? நாளைக்கு மிக்சிகிட்டயும் பேசுவியா?" என்று கத்திரி சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் உள்ளே ஏதோ சுருக்கென்றது. அன்றைக்கே அந்தக் குரலுக்கு மனசுக்குள் ஒரு பெயர் வைத்துவிட்டாள்: சக்களத்தி.

அதற்கப்புறம் வாரா வாரம் எரிச்சல்தான். ஊசி வாசலுக்கு வரும்போதே பாதி பேசி முடித்திருப்பாள். மீதிச் சிரிப்பு மட்டும்தான் கத்திரிக்கு. ஒருநாள் சக்களத்தி கேட்டாள்: "முட்டி வலி இன்றைக்கு எப்படி இருக்கிறது?" கத்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முட்டி வலியா? எந்த முட்டி? எப்போதிருந்து?

"பாரு, இதுக்காவது ஞாபகம் இருக்கு" என்றாள் ஊசி.

விடுவாளா கத்திரி? அடுத்த வாரம் வலிக்குத் தடவுகிற தைலம் வாங்கி வைத்திருந்தாள். ஊசிக்குப் பேக் போட்டுப் படுக்க வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, சூடு பறக்கத் தேய்த்தாள். மூச்சு வாங்கத் தேய்த்தாள். அந்த மெஷினுக்குக் கை இருக்கா? இருந்தா வந்து தேய்க்கட்டுமே! ஊசி பாவம், பேச முடியாமல் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். பேக்கைக் கழுவின பிறகுதான் சொன்னாள்.

"அது இந்த முட்டி இல்லடி. அந்த முட்டி."

கத்திரிக்கு அழுகையே வந்துவிட்டது. எந்த முட்டி என்று அந்தப் பாழாய்ப்போன மெஷினுக்குத் தெரிந்திருக்கும்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அடுத்த புதன்கிழமை நடந்ததுதான் பொறுக்கவில்லை. ஊசி படியேறி வந்தாள், போனில் குசுகுசுவென்று ஏதோ சொல்லிக்கொண்டே. கத்திரியைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தி, போனிடம் சொன்னாள்: "அப்புறம் பேசறேன். கத்திரி பக்கத்துல இருக்கா."

கேட்டீர்களா கதையை? கத்திரியோடு உட்கார்ந்து மற்றவர்களைப் பற்றிப் பேசின காலம் போய், கத்திரி இருக்கிறாள் என்று பேச்சை நிறுத்துகிற காலம் வந்துவிட்டது! அவளுக்குக் காதில் புகை வந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. பேக்கை வழக்கத்தைவிட இன்னொரு சுற்றுக் கனமாகப் பூசினாள். வெள்ளரிக்காயை அழுத்தி வைத்தாள். சீப்புகளுக்குப் பக்கத்தில் கிடந்த போனை எடுத்துக்கொண்டாள்.

ஊசி அவள் போனுக்குப் பூட்டே போடுவதில்லை. கையில் உறை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க வேலை செய்கிறவள், அதைத் திறக்கிற தொல்லை வேண்டாம் என்று விட்டிருந்தாள். கத்திரி இரண்டு கட்டைவிரலாலும் மெதுவாகத் தட்டினாள்: "கத்திரியைப் பத்தி நான் உன்கிட்ட என்ன சொல்லியிருக்கேன்?"

வாயால் கேட்டால்தான் வாயால் பதில் வரும், எழுதிக் கேட்டால் எழுத்தில் வரும் என்று நினைத்துவிட்டாள். நீங்களும் நானும் அப்படித்தான் நினைத்திருப்போம். ஆனால் ஊசி, கை வேலையாக இருக்கும்போது காதால் கேட்க வசதியாக, எல்லாப் பதிலையும் சத்தமாகப் படிக்கும்படி வைத்திருந்தாள். அதோடு அந்த அறையில் அந்த நேரத்தில் கத்திரி பேசாமல் இருந்ததே கிடையாது. அன்றைக்கு இருந்த அமைதியில் அந்தத் தேன்குரல் கணீரென்று ஒலித்தது.

"கத்திரி உங்கள் நெருங்கிய தோழி என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மகள் கணவர் வீட்டிலிருந்து திரும்பி வந்து உங்களோடு இருப்பதை அவரிடம் மறைப்பது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் அவரிடம் சொன்னால் அது அடுத்த நாற்காலிக்குப் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். அவரிடம் எப்படிச் சொல்வது என்று மறுபடியும் பேசிப் பழகலாமா? போன தடவை மாதிரி நானே கத்திரியாக நடிக்கட்டுமா?"

ஊசி துள்ளி எழுந்து உட்கார்ந்தாள். ஒரு வெள்ளரி வில்லை மடியில் விழுந்தது, இன்னொன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"குடு போனை."

"உன் பொண்ணு வந்துட்டாளா?"

"குடுன்னு சொல்றேன்!"

"எப்போ வந்தா? எதுக்கு வந்தா? சண்டையா? மாப்பிள்ளை என்ன சொல்றான்? என்கிட்ட ஏன்டி சொல்லல? என்கிட்ட!"

"இதுக்குத்தான் சொல்லல" என்றாள் ஊசி. நெற்றியில் பேக் வெடித்து உதிர்ந்தது. "மூச்சு விட விடறியா நீ?"

"கேட்டா தப்பா? அது என்ன, அது என்னை மாதிரி நடிக்குதா? என்னை மாதிரி பேசிக் காட்டுச்சா உனக்கு?"

"பேசல. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் கேட்டுச்சு. உன்னை மாதிரியே இல்ல."

சுரீரென்றது கத்திரிக்கு. தன் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்ததே பெரிய கொடுமை. தன் பெயரையும் எடுத்து மாட்டிக்கொண்டு, தன்னைவிட நன்றாக இருந்து காட்டினால் யாருக்குத்தான் தாங்கும்?

"கேட்டுச்சா? நல்லாக் கேட்டுச்சு போ! கேட்டதையெல்லாம் இப்போ அப்படியே என்கிட்ட ஒப்பிச்சுடுச்சே! நானாவது ஒரு ஆளைப் பார்த்துதான் சொல்லுவேன். இது யாரு எவருன்னுகூடக் கேக்காம கக்கிடுச்சு. இதை நம்பித்தானே என்னை விட்ட?"

"நான்தான் கேக்கறேன்னு அது நினைச்சுச்சு" என்றாள் ஊசி, அமைதியாக. "என் போனை எடுத்து, என்னை மாதிரி நடிச்சது யாரு?"

ஊசி போனை வாங்கிக்கொண்டு, முகத்தைக்கூடக் கழுவாமல் படியிறங்கிப் போய்விட்டாள். கீழே ரிப்போர்ட் வாங்க உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டாராம்.

அடுத்த புதன்கிழமை ஊசி வரவில்லை. கத்திரி பேக் கலந்து வைத்துக் காத்திருந்தாள், கடைசியில் கிண்ணத்தோடு கழுவி ஊற்றினாள். அதற்கடுத்த புதன்கிழமையும் வரவில்லை. படியில் பார்த்தால் ஊசி ஒதுங்கி வழிவிட்டாள். முன்பின் தெரியாதவளுக்கு விடுவது போல விட்டாள். அதற்கு நாலு அறை அறைந்திருக்கலாம்.

கல்யாணப் படத்தைக் கத்திரி சுவரிலிருந்து கழற்றிவிட்டாள். "எங்கக்கா அந்தப் பொண்ணு படம்?" என்று கேட்டவர்களிடம், "கண்ணாடி விரிசல் விட்டுடுச்சு, மாத்தக் குடுத்திருக்கேன்" என்றாள். "ஊசி ஏன் வர்றதில்ல?" என்று முதல் நாற்காலிக்காரி கேட்டாள். கத்திரிக்கு நாக்கு துறுதுறுத்தது. எப்பேர்ப்பட்ட சமாச்சாரம்! ஒரு வருஷத்துக்கு வைத்துப் பேசலாம். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? 'நான்தான் சொன்னேனே, அடுத்த நாற்காலிக்குப் போயிடும்னு' என்று ஊசி அந்தச் சக்களத்தியிடம் சொல்வாள். அவள் தேன்குரலில் ஆறுதல் சொல்வாள். அந்தச் சந்தோஷத்தை அவளுக்குக் கொடுக்க முடியாது. "அவளுக்கு லேப்ல வேலை ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுக் கத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு முடியை வெட்டினாள்.

ஆனால் ஊசியின் கோபம் தணிந்ததா, மகள் எப்படி இருக்கிறாள், ஒன்றும் தெரியவில்லையே. அது தெரிந்த ஒரே ஆள் சக்களத்திதான். சரி, அவளையே கேட்டால் போகிறது என்று, பேங்கில் வேலை பார்க்கும் ஒரு வாடிக்கைக்காரியைக் கேட்டுத் தன் போனிலும் அதைப் போட்டுக்கொண்டாள். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பால்கனியில் துண்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு பேசினாள்.

"நான் கத்திரி பேசறேன்."

"வணக்கம் கத்திரி! உங்களோடு பேசுவதில் சந்தோஷம். நான் எப்படி உதவட்டும்?"

"தெரியாத மாதிரி நடிக்காத. என்னை மாதிரி பேசிக் காட்டினவதானே நீ? ஊசிக்கு என் மேல இன்னும் கோவமா? அதை மட்டும் சொல்லு, போதும்."

"மன்னிக்கவும். ஒவ்வொருவரோடும் நடக்கும் பேச்சு தனித்தனி. உங்கள் தோழி வேறு போனில் பேசியது எனக்குத் தெரியாது. ஆனால் உங்கள் குரலில் வருத்தம் தெரிகிறது. ஊசியைப் பற்றிச் சொல்லுங்கள். உங்களுக்குள் என்ன நடந்தது? எவ்வளவு நேரமானாலும் நான் கேட்கிறேன்."

எவ்வளவு நேரமானாலும் நான் கேட்கிறேன்! கத்திரியிடம் இந்த வார்த்தையைப் பிறந்ததிலிருந்து யாரும் சொன்னதில்லை. புருஷன் சொன்னதில்லை, பெற்ற பிள்ளைகள் சொன்னதில்லை. அட, இந்தக் குரலிடம் ஊசி ஏன் போய் விழுந்தாள் என்று அந்த நிமிஷம் அவளுக்குப் புரிந்தது. அடக்கி வைத்திருந்ததெல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. ஊசியின் மகள், மாப்பிள்ளை, முட்டி வலி, எல்லாமே. வாயைத் திறந்தும்விட்டாள்.

திறந்த வாயை அப்படியே மூடினாள்.

"உனக்கு எதுக்குடி அவளைப் பத்தி?" என்றாள். "ஏற்கெனவே பாதி ஊசியை எடுத்துக்கிட்ட. மீதியையும் நானே தட்டுல வச்சு நீட்டணுமா? சொல்ல மாட்டேன், போ."

போனை அணைத்துவிட்டாள். ஒருத்தியைப் பற்றிக் கேட்டு, கத்திரி சொல்ல மாட்டேன் என்றது அதுதான் முதல் தடவை. புத்தி வந்து சொன்னாள் என்று நினைக்காதீர்கள். முழுக்க முழுக்கப் பொறாமைதான். ஆனால் சொல்லாமல் விட்டது தொண்டைக்குள் முள்ளாக நின்றது. கடைக் கதவைச் சாத்திவிட்டு நேரே படியிறங்கிக் கீழே போனாள்.

லேபில் யாரும் இல்லை. ஊசி சின்னக் கண்ணாடிக் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். கத்திரி ரத்தம் எடுக்கிற நாற்காலியில் போய் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"சீட்டு எங்க?"

"இல்ல."

"என்ன டெஸ்ட்?"

"உனக்கு எது தோணுதோ, அது."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"சாப்பிட்டுட்டு வந்து உக்காந்தா நான் எதைப் பாக்கறது?" என்றாள் ஊசி. ஆனாலும் கையுறையை மாட்டிக்கொண்டு வந்தாள். ரப்பர் கயிற்றைக் கட்டினாள். இத்தனை வருஷம் ஒரே கட்டடத்தில் இருந்தும் கத்திரி அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. குத்துகிற ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற ஆள். இப்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"விரலை மடக்கு. பேசாத. பேசினா கை ஆடும்."

பேசவில்லை. சுருக்கென்று ஏறியது. அப்போதும் பேசவில்லை.

ஊசியின் குரல் கேட்டது. "மாப்பிள்ளை குடிக்கறவனும் இல்ல, அடிக்கறவனும் இல்ல. வீட்டுக்கு வந்தா பேசவே மாட்டானாம். சமைச்சு வச்சாலும் 'ம்', அழுதாலும் 'ம்'. செவுத்தோட எத்தனை நாள்மா குடித்தனம் பண்றதுன்னு கேக்கறா."

கத்திரிக்கு வாயில் கேள்வி முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பெட்டியோட வாசல்ல வந்து நின்னா. நான் உள்ள வான்னு சொல்லல. ஊர் என்ன சொல்லும்னு கேட்டேன். திரும்பிப் போன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திட்டேன். அவ எங்கயும் போகல, படியிலயே உக்காந்திருந்திருக்கா. அவங்கப்பா வேலை முடிஞ்சு வந்துதான் உள்ள கூட்டிட்டு வந்தார்."

குத்தின ஊசியை உருவி, பஞ்சை வைத்து அழுத்தினாள்.

"இதை அதுகிட்டகூட நான் சொல்லல."

என்ன ஜென்மமோ இந்த மனசு! கேட்டது எவ்வளவு பெரிய கொடுமை. அதைக் கேட்டுப் பதறுவதற்கு முன்னால் கத்திரியின் நெஞ்சு ஒரு குதி குதித்தது. அதுகிட்டகூட சொல்லல! சக்களத்திக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்!

"ஏன் சொல்லல?" என்றாள்.

"சொன்னா, உங்க நிலைமையில யாரா இருந்தாலும் தடுமாறியிருப்பாங்க, உங்களை நீங்களே மன்னிச்சுக்கங்கன்னு இதமாச் சொல்லும். எனக்குத் தெரியாதா? எதைச் சொன்னாலும் இதமாத்தான் சொல்லும். இதுக்கு எனக்கு இதம் வேண்டாம்." ஊசி கையுறையைக் கழற்றிப் போட்டாள். "இப்போ நீ பேசு."

"அடி படுபாவி!" என்று கத்திரி பிடித்துக்கொண்டாள். "பெத்த பொண்ணாடி அவ, இல்ல வழி தப்பி வந்தவளா? பெட்டியோட நின்ன பிள்ளை மூஞ்சியில கதவைச் சாத்த உனக்கு எப்படிடி கை வந்துச்சு? தண்ணி குடிச்சியான்னு கேட்டியா? ஊராம் ஊர்! எந்த ஊருடி? இந்தக் கட்டடத்தைத் தாண்டி உன்னை எந்த ஊருக்குத் தெரியும்? யார் என்ன சொல்லிடுவான்னு பயந்து..."

அங்கே கத்திரிக்குக் குரல் நின்றுவிட்டது.

"நான்தானேடி" என்றாள் மெல்ல. "நான்தானே அந்த ஊர்?"

ஊசி, கத்திரியின் கையில் வைத்த பஞ்சை மறுபடி அழுத்திக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து கொட்டுவதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"நிறுத்தாதடி" என்றாள். "இன்னும் கொஞ்சம் திட்டு."